துப்பட்டியின் இன்னொரு முனை

எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் காந்த ஸ்கேன் எந்திரம் வந்து இறங்கியபோது, ஓய்வு பெற்றவர்களையும் மறக்காமல் கூப்பிட்டு சால்வை போட்டார்கள். இந்த இராமநாதபுரத்து வெயிலில் சால்வையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எந்திரத்தைப் பார்க்கத்தான் போனேன். வாசலிலேயே சாவிக்கொத்து, கைக்கடிகாரம், தலை ஊசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "உள்ள இரும்பு ஆகாதும்மா, இழுத்துரும்" என்றார்கள். சரி, எங்கள் காலத்து எந்திரம் எதையும் இழுத்ததில்லை, அதன் கதிர் சத்தமில்லாமல் உடம்புக்குள் புகுந்துவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கே வேலை பார்க்கும் ஹாஜிரா என்ற சின்னப் பெண் என்னைத் தனியாக ஒதுக்கிக் கொண்டுபோய்க் கேட்டாள்: "மைமூன்மா, நீங்க எக்ஸ்ரே ரூம்லயே காலத்தைக் கழிச்சவங்க. இந்தக் காந்தம் மனுஷ உடம்புக்குள்ள ஏதாவது செஞ்சுருமா?" கேட்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. "விழா முடியட்டும், சொல்றேன்" என்றேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லி முடித்த பிறகு நடந்ததையும் சேர்த்து.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாணமாகி, மாப்பிள்ளை கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்ததால், சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். "மரைக்காயர் வீட்டுப் பொண்ணு ஆஸ்பத்திரி வேலைக்குப் போறாளாம்" என்று ஊரே வாயைப் பிளந்தது. பிளந்த வாயில் ஈ போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிற்பாடு பிலிம் கழுவக் கற்று, பரீட்சை எழுதி, டெக்னீஷியனாகத்தான் ஓய்வு பெற்றேன். அதெல்லாம் பெரிய கதை இல்லை. நான் சொல்ல வருவது ஆயாவாக இருந்த காலம். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தனுஷ்கோடியைக் கடல் இன்னும் கொண்டுபோகவில்லை.

அப்போது எக்ஸ்ரே அறையில் என் வேலைக்குப் பெயரே கிடையாது. "துணை" என்பார்கள், அவ்வளவுதான். கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் என்று நாலா பக்கமிருந்தும் காச நோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் வருவார்கள். அந்த அறையோ கும்மிருட்டு. உள்ளே இருப்பது ஆண் டாக்டர். இருட்டறையில் அந்நிய ஆணோடு தன் வீட்டுப் பெண்ணைத் தனியாக விட எவன் சம்மதிப்பான்? நம்மவர்கள் மட்டும் என்றில்லை, உள்நாட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண்களும் அப்படித்தான். கூட வந்த உறவுக்காரியை உள்ளே விடலாம் என்றால், அந்த எந்திரம் பட்டாளத்தார் கழித்துப் போட்டது. மின்சாரம் போகும் கம்பிகள் மூடாமல் கிடக்கும். தெரியாதவர் கை வைத்தால் மய்யித்துதான், பிணமாகத்தான் எடுக்க வேண்டும். அதனால் இடம் தெரிந்த ஒரு பெண் எப்போதும் துணைக்கு நிற்க வேண்டும். அந்த ஒருத்தி நான்.

டாக்டர் சேதுராமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற மனிதர். திரையில் நிழல் தெரிய வேண்டுமானால் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அதற்காக, அறைக்குள் நுழையும் முன்பே சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வராந்தாவில் நடப்பார். அந்தக் கோலத்தைக் கண்டு பிள்ளைகள் அலறும். "ரத்தக் கண்ணு டாக்டர்" என்று பெயர். அவர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி நடப்பார். விளக்கை அணைத்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். எந்திரம் வண்டு போல ஒரே சீராக ரீங்காரம் போடும். நோயாளியின் முதுகுப் பக்கமிருந்து கதிர் வரும், நெஞ்சுக்கு முன்னால் பச்சையாக ஒளிரும் திரை. நான் பக்கவாட்டில் நின்று அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொள்வேன். "மூச்சை இழு. பிடி. விடு." டாக்டர் சொல்வதை நான் அவள் காதில் திருப்பிச் சொல்வேன். விலா எலும்புகளுக்கு நடுவே இதயம் துடிப்பது தெரியும். சில நேரம் டாக்டர் வெறுங்கையை நீட்டி வயிற்றை அழுத்திப் பார்ப்பார். அப்போது அவர் கை எலும்பும் திரையில் வரும், மோதிரத்தோடு. முதல் தடவை பார்த்தபோது பிஸ்மில்லா சொன்னேன். பிறகு பழகிவிட்டது. ஈயம் வைத்துத் தைத்த மேலங்கி ஆஸ்பத்திரிக்கே ஒன்றுதான். அது டாக்டருக்கு. எனக்கும் ஒன்று வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு அதற்கு முன்பு இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. இரண்டு முறையும் ஊருக்கெல்லாம் தெரிந்து, எல்லோரும் வந்து வயிற்றைத் தடவி வாழ்த்திவிட்டுப் போன பிறகுதான் போயிற்று. மாப்பிள்ளை ஊருக்கு வந்துபோய், மூன்றாவது முறை நாள் தள்ளியதும் என் மாமி, அதாவது மாப்பிள்ளையின் உம்மா, என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

"நாலு மாசம் முடிஞ்சுதான் புள்ளைக்கு ரூஹு ஊதுவாங்க. அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது. கண்ணுபடும். கொழும்புக்குக்கூட எழுதாதே."

ரூஹு என்றால் உயிர். எங்கள் வீடுகளில் இது பெரிய பேச்சு. அந்த நாலு மாதம் பிள்ளை அல்லாஹ்வின் கையில் மட்டும்தான். நானும் வாயைத் தைத்துக்கொண்டேன். வாந்தி வந்தால் முதல்நாள் மீன் குழம்பு மேல் பழியைப் போட்டேன். அரைஞாண் கயிற்றில் தாயத்தை மறைத்துக் கட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போனேன். கண்ணேறுக்கு அத்தனை காவல். ஆனால் காவல் போட வேண்டிய இடம் வேறு என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் பம்பாயிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள, பிலிம் துண்டு வைத்த சின்னப் பட்டைகள் கொண்டுவந்தார். எவ்வளவு கதிர் பட்டது என்று அந்தப் பிலிம் கறுப்பதை வைத்துச் சொல்வார்களாம். டாக்டருக்கு ஒன்று, அப்போதிருந்த டெக்னீஷியனுக்கு ஒன்று. பிறகு என்னைக் காட்டி, "இவங்க யார்?" என்றார். "துணை" என்றார் டாக்டர்.

"கர்ப்பமா இருக்கிற பெண்களை மட்டும் இந்த அறைக்குள்ள விடாதீங்க டாக்டர். வயிற்றுப் பிள்ளைக்கு இந்தக் கதிர் ஆகாது. முதல் மாசங்கள்லதான் அதிகக் கெடுதல். உறுப்பெல்லாம் உருவாகிற நேரம்."

அவர் அதைக் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார். என் காதில் வண்டு ரீங்காரம் கேட்டது, எந்திரம் ஓடாமலேயே. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. எத்தனை பெண்களுக்குத் துணை நின்றிருப்பேன்? எத்தனை முறை அந்தப் பச்சை வெளிச்சத்தின் ஓரத்தில் என் வயிறு இருந்திருக்கும்? எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பயந்துபோய் நிறுத்தினேன்.

வீட்டுக்குப் போய் மாமியிடம், "நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள்தானே புள்ள? பொறுக்கக் கூடாதா? சொன்ன ரெண்டு வாட்டியும் என்னாச்சு?"

"சொன்னதால போகல மாமி. சொல்லாததால போயிருமோன்னுதான் பயமா இருக்கு."

மாமி அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத்தான் பயந்தோம், ஆளுக்கு ஒரு திசையில்.

மறுநாள் காலை டாக்டர் சிவப்புக் கண்ணாடியோடு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது வழிமறித்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வேலை தொடங்கும் முன் வெளிச்சத்தில் அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எத்தனை மாசம்?"

"மூணு முடியப் போகுது சார்."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "புள்ளைக்கு ஏதும் ஆகுமா சார்?"

"எனக்குத் தெரியாதும்மா."

எத்தனையோ டாக்டர்களோடு வேலை பார்த்துவிட்டேன். தெரியாது என்று சொன்ன டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி உன்னைத் தேத்தலாம். அது பொய். ஆயிரும்னு சொன்னா அதுவும் பொய். இனிமே அந்த அறைப் பக்கம் நீ வரக் கூடாது. அது மட்டும் எனக்குத் தெரியும்." அந்த மனிதர் அத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் செலவழித்தது அன்று ஒருநாள்தான். எனக்குப் பயம் போகவில்லை. அவர் மேல் மரியாதையும் வந்தது.

என் இடத்துக்கு இன்னொரு ஆயாவைப் போட்டார்கள். பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய கிழவி. விளக்கு அணைந்ததும் "பேய்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். நர்ஸ்கள் பிரசவ வார்டை விட்டு அசைய முடியாது. வந்த பெண்கள் திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். நான் பிலிம் உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்து அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஜொஹராவைக் கொண்டுவந்தார்கள். கீழக்கரைப் பக்கம். கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண். ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்து, ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு வாங்கியது. நீரை ஊசி வைத்து எடுக்க வேண்டும். எங்கே குத்துவது என்று திரையில் பார்க்காமல் குத்த மாட்டேன் என்றார் டாக்டர். அவளோ இருட்டறை வாசலில் நின்றுகொண்டு நிலைக்கதவைப் பிடித்தவள் விடவில்லை.

"பொம்பளை... ஒருத்தி... வரணும்" என்றாள்.

கூட வந்தது அவள் மாமியார் செய்யதம்மா, ஊரறிந்த பெரிய வீட்டு மனுஷி. பேச்சென்றால் சவுக்கு மாதிரி. "துணை இல்லாம எங்க வீட்டுப் புள்ள உள்ள போகாது. வண்டியைத் திருப்பச் சொல்லு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதானே அந்தத் துணைக்காரி? உள்ள போனா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

வராந்தாவே என்னைப் பார்த்தது. அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு தடவைதானே, ஒரே ஒரு தடவை என்று என் கால் எழுந்துவிட்டது. எழுந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. என் வயிற்றில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரில் நிற்பவள் மூச்சுத் திணறுவது தெரிகிறது. கண்ணால் பார்ப்பதுதானே பெரிதாகத் தோன்றும்?

"மைமூன், உட்காரு!" டாக்டரின் அதட்டல்.

வேறு வழி தெரியாமல் செய்யதம்மாவின் காதில் உண்மையைச் சொன்னேன். எத்தனையாவது மாதம், ஏன் போகக் கூடாது, முன்னால் போன இரண்டு, எல்லாம். அவர் முகம் மாறியது. மருமகளைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவருடைய குரலிலேயே அதட்டினார்:

"ஏ ஜொஹரா, முடுக்குச் சந்துல இருட்டுல நடக்கையில என்ன செய்வோம்? முன்னால போறவ துப்பட்டி முனையைப் பின்னால வாரவ பிடிச்சுக்க மாட்டாளா? அவ உன்னைய ஒட்டிக்கிட்டா வாரா? முனையைத்தானே பிடிச்சிருக்கா? அது துணை இல்லையா?"

எங்கள் ஊர்களில் பெண்கள் மேலே போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணிதான் துப்பட்டி. அது இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார்கள். ஜொஹராவின் துப்பட்டியின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையைக் கதவுக்கு அடியால் வெளியே விட்டோம். நான் பிடிக்கப் போனேன். டாக்டர் விடவில்லை. மரக்கதவைக் கதிர் தாண்டிவிடும், செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார் என்றார். அவ்வளவு தூரத்துக்குத் துணி எட்டவில்லை.

செய்யதம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். வராந்தா முழுக்க ஆண்கள். பிறகு தன் துப்பட்டியை உருவினார். அந்த வயதில், அந்தக் குடும்பத்தில், அத்தனை பேர் நடுவில். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, துணியை மட்டும் பின்னால் நீட்டினார். "முடிச்சுப் போடு. இறுக்கிப் போடு." அங்கிருந்த ஆண்கள் யாரும் சொல்லாமலே வெளியே இறங்கிப் போனார்கள். ஒரு வயசாளி மட்டும் புரியாமல் உட்கார்ந்திருந்தார், அவரையும் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து முனையைக் கையில் சுற்றிக்கொண்டேன். கதவு மூடியது. ரீங்காரம் தொடங்கியது. துணி ஒருமுறை இழுபட்டது. நானும் இழுத்தேன். "இங்கன இருக்கேன் புள்ள, இங்கனதான் இருக்கேன்" என்று கத்தினேன். மறுபடி இழுபட்டது, இழுத்தேன். டாக்டர் மூச்சை இழு என்றார், நானும் வெளியிலிருந்து மூச்சை இழு என்றேன். நடுவில் துணி தொய்ந்து போயிற்று. இழுத்துப் பார்த்தேன், பதில் இல்லை. செய்யதம்மா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு ஓத ஆரம்பித்தார். உள்ளே என்ன ஆயிற்று? மயக்கமா? விழுந்துவிட்டாளா? ஒரு கை துணியில், ஒரு கை என் வயிற்றில். எந்தப் பிள்ளைக்காக துஆ கேட்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டேன். பிறகு சுண்டி ஓர் இழுப்பு. என் மணிக்கட்டே இழுபட்டது. அவளை மேடையில் ஏற்றி உட்கார வைக்கும்போது துணி கையை விட்டு நழுவியதாம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் நீரை எடுத்தார்கள். ஜொஹரா பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த பெண்களிடம் துணிப் பேச்சை எடுத்தால் சிரித்தார்கள். "செய்யதம்மா வீட்டிலேயே ஒத்துக்கிட்டாங்க" என்றதும் வாயை மூடிக்கொண்டு முனையைப் பிடித்தார்கள். துணிக்குப் பதிலாக, சுவர் தாண்டி எட்டுகிற மாதிரி டாக்டர் நீளமான பாய்மரக் கயிறு ஒன்று வாங்கிப் போட்டார். அவர் பேசாமல் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று.

பாக்கி மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பிள்ளை அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். மாமி தேங்காய்ச்சோறு ஆக்கிக் கொடுத்தால் தொண்டையில் இறங்காது. பெண் பிறந்தாள். ஜுலைகா. மருத்துவச்சி கழுவிக் கொடுத்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் எண்ணினேன். டாக்டர் சேதுராமன் பிரசவ வார்டுக்கு வந்தார். பிள்ளையின் கண், அண்ணம், முதுகெலும்பு, நெஞ்சு எல்லாம் பார்த்தார். "இன்னைக்கு நல்லா இருக்கா. இன்னைக்கு மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த "இன்னைக்கு மட்டும்" என்ற வார்த்தை என்னை விடவே இல்லை. பல் முளைக்கத் தாமதமானால் அந்தக் கதிர். காய்ச்சல் வந்தால் அந்தக் கதிர். எங்காவது கறுத்துக் கன்றியிருந்தால், விளையாடி விழுந்தாளா என்று கேட்காமல், ரத்தத்தில் ஏதோ என்று தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

ஆனால் டாக்டருக்கு எதுவுமே தெரியாமல் இருந்தது என்றில்லை. அவர் விரல்களில் தோல் வறண்டு வெடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நகங்கள் வரிவரியாகப் பிளந்திருக்கும். சில வருஷங்களில் ஒரு விரலில் ஆறாத புண் வந்து, மதுரையில் விரலையே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது, "எக்ஸ்ரேவாலயா சார்?" என்றேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "இது எனக்குத் தெரியும்மா. முதல்லேருந்தே தெரியும்" என்றார். நான் வீடு வரும் வரை அழுதேன்.

ஜுலைகா படித்து, கல்லூரியில் விலங்கியல் ஆசிரியையானாள். அவள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது பல்வலி வந்து, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். நான் குதித்த குதியில், "ஏன் உம்மா இப்படி உசிரை வாங்குறீங்க?" என்றாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பதறவில்லை. வகுப்பில் சொல்வது போல எனக்கு விளக்கினாள்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ரெட்டை இழை இருக்கு உம்மா. எக்ஸ்ரே அதை அறுக்கும். ஆனா அறுந்ததை அந்தச் செல்லே தேடிப் பிடிச்சுச் சரிபண்ணிக்கும். ஒரு இழை அறுந்தா எதிர் இழையைப் பார்த்துத் தச்சுரும். ரெண்டும் ஒரே இடத்துல அறுந்தாத்தான் கஷ்டம். வலைக் கண்ணை மாத்தி முடிச்சுப் போடுற மாதிரி, சில நேரம் தப்பா ஒட்டிரும். எனக்குள்ள அறுந்ததெல்லாம் சரியாத்தான் ஒட்டியிருக்கு போல. இந்தா நிக்கிறேன்ல?"

எனக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. உடம்பே தன்னைத் தானே தைத்துக்கொள்ளுமா? இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் எத்தனை வேளைச் சோறு இறங்கியிருக்கும்! அவள் சிரித்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தாள். பெண் பிள்ளை வயிற்றில் மூன்று மாதமாக இருக்கும்போதே, பின்னாளில் அவள் பெறப்போகும் பிள்ளைகளுக்கான முட்டை அணுக்கள் அவளுக்குள் உருவாகத் தொடங்கிவிடும் என்றாள். பாடம் சொல்கிற வேகத்தில் சொல்லிவிட்டு, சட்டென்று நின்றாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"உம்மா... அப்ப இதுவும் அங்கன இருந்திருக்கு."

அந்த இருட்டறையில் நாங்கள் இரண்டு பேர் என்றுதான் அத்தனை காலம் நினைத்திருந்தேன். மூன்று பேர். மிச்ச மாதங்களில் அவளும் பயந்தாள், நானும் பயந்தேன். வெளியே காட்டிக்கொள்ளாமல் ஆளுக்கு ஆள் தைரியம் சொன்னோம். பேத்தி பிறந்ததும் ஆளுக்கொரு கையாகப் பிரித்துக்கொண்டு விரல்களை எண்ணினோம். சரியாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். இதற்கு மேல் எண்ண எனக்குத் தெம்பு இல்லை.

இவ்வளவையும் ஹாஜிராவிடம் சொல்லிவிட்டு, அவள் கேட்டதற்குப் பதிலும் சொன்னேன். காந்தத்துக்கு எக்ஸ்ரே மாதிரி இழையை அறுக்கிற பலம் இல்லை என்றுதான் ஜுலைகா சொல்கிறாள், ஆனாலும் முதல் மாதங்களில் அந்த அறைக்குள் அநாவசியமாக நிற்காதே, கேட்டுக்கொண்டு செய் என்று. அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"காந்த ரூம்ல மட்டுமா உனக்கு டியூட்டி?"

"இல்ல. வாரத்துல பாதி நாள் எக்ஸ்ரே."

"எத்தனை மாசம்?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "ரெண்டு. இங்கன யாருக்கும் தெரியாது. ரூஹு ஊதுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு மாமி..."

இப்போது எல்லோருக்கும் பட்டை இருக்கிறது, மேலங்கி இருக்கிறது, கர்ப்பமாக இருந்தால் தெரிவிக்கவும் என்று சுவரிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த எழுத்துக்குக் கீழேதான் இந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு அறை விட்டிருப்பேன். சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தேன். பெரிய டாக்டரின் அறை வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. என் முழங்கால் முன்போல் இல்லை, மெதுவாகத்தான் நடக்க முடியும்.

"வா" என்றேன். "நீ சொல்லு. நான் துணைக்கு நிக்கிறேன்."

அவள் தயங்கினாள். பிறகு என் துப்பட்டியின் முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.